தேனி மாவட்டத்தில் மீத்திறன் குழந்தைகளின் தொடக்கக் கல்வி

மீத்திறன் குழந்தைகள் என்போர் தம் வயதொத்த பிள்ளைகளை விட ஒரு துறையிலோ பல துறைகளிலோ மிக முன்னதாகவும் விரைவாகவும் கற்கும் ஆற்றல் உடைய குழந்தைகள் ஆவர். தமிழ்நாட்டில் இவர்களை அடையாளம் கண்டு உதவும் அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் எட்டாம் வகுப்பிலிருந்தே தொடங்குகின்றன. ஆனால் இத்தகைய திறன் நான்கு, ஐந்து வயதிலேயே வெளிப்படுவது உண்டு. ஆகவே ஒன்றாம் வகுப்பில் சேரும் மீத்திறன் குழந்தைக்கும் அதற்கான முதல் திட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இடைவெளி உள்ளது. தேனி மாவட்டத்திலும் அதன் தென்பகுதியான கம்பம் பள்ளத்தாக்கிலும் இவ்விடைவெளியில் குழந்தைக்குக் கிடைக்கும் துணை, அக்குழந்தை பயிலும் தொடக்கப் பள்ளியையும் அங்குள்ள ஆசிரியரையுமே பெரிதும் சார்ந்துள்ளது.

சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டின் ஆசிரியர் பயிற்சி நூல்களில் "மீத்திறன் மிக்கோர்" என்ற சொல் "மெல்லக் கற்போர்" என்பதற்கு எதிர்ச்சொல்லாக வழங்குகிறது. பேச்சு வழக்கில் "கெட்டிக்காரப் பிள்ளை", "படிப்பில் சுட்டி" என்பர். இவ்விரு வழக்குகளும் ஒன்றல்ல. கெட்டிக்காரப் பிள்ளை என்று ஊரார் அழைப்பது பெரும்பாலும் வகுப்பில் முதல் மதிப்பெண் பெறும் குழந்தையை. மீத்திறன் குழந்தை முதல் மதிப்பெண் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிந்ததையே மீண்டும் மீண்டும் எழுதச் சொல்லும் வகுப்பில் அது ஏட்டை வெறுமையாக விட்டு வைப்பதும் உண்டு.

1978 இல் அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி, சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்பூக்கம், எடுத்த பணியில் விடாமுயற்சி ஆகிய மூன்றும் கூடும் இடத்தையே மீத்திறன் என வரையறுத்தார். 1991 இல் கொலம்பசுக் குழு என அறியப்படும் கல்வியாளர்கள் வேறொரு கோணத்தில் இதனைச் சீரற்ற வளர்ச்சி என விளக்கினர். ஆறு வயதுக் குழந்தை பத்து வயதுப் பிள்ளையைப் போல் கணக்குப் போடலாம். அதே குழந்தை நான்கு வயதுப் பிள்ளையைப் போல் அழலாம், எழுதுகோலைச் சரியாகப் பிடிக்க இயலாமலும் இருக்கலாம். இளங்குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்விளக்கமே பள்ளிக்கு அதிகம் பயன்படுவது. மனம் ஒரு வகுப்பிலும், கை வேறொரு வகுப்பிலும், உணர்ச்சி மற்றொன்றிலும் இருக்கும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்பதுதான் சிக்கலின் மையம்.

இளம் வயதில் அறிதல்

எவரும் கற்பிக்காமல் பேருந்துப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டத் தொடங்குதல், நீண்ட நினைவாற்றல், ஒரே பொருளைப் பற்றி வாரக்கணக்கில் கேள்வி கேட்டல், எண்களுக்கிடையே ஒழுங்குகளைத் தானே கண்டுபிடித்தல், தன்னினும் மூத்த பிள்ளைகளுடன் சேர விரும்புதல் ஆகியன பொதுவாகக் கூறப்படும் அறிகுறிகள். இவற்றுள் ஒன்றிரண்டைக் கொண்டு முடிவு செய்தல் தவறு. திருக்குறளையோ உலகத் தலைநகரங்களையோ மனப்பாடமாக ஒப்பித்தல் பயிற்சியாலும் வரக்கூடியது. அதனை மட்டும் மேடையேற்றும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகுதி.

நுண்ணறிவுத் தேர்வுகள் மற்றொரு வழி. 1905 இல் பிரான்சில் ஆல்பிரட் பினே, தியோடர் சைமன் ஆகியோர் வகுத்த தேர்வு, பள்ளியில் துணை தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறியவே தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் பினே-காமத் தேர்வும், வெக்சுலர் அளவுகோலைத் தழுவி மாலின் உருவாக்கிய தேர்வும் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல்களின்படி 130 ஈவு நூற்றுக்கு இருவர் அளவில் காணப்படும். 145 ஈவோ ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலேயே காணப்படும். இதன்படி ஐம்பது பிள்ளைகள் பயிலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் ஆசிரியர், இரண்டாம் வகைக் குழந்தையைப் பணிக்காலம் முழுவதும் ஒரு முறை கூடச் சந்திக்காமல் போகக்கூடும். எனவே ஆசிரியர் அடையாளம் காணத் தவறுவதற்கு அக்கறையின்மையே காரணம் எனக் கூற இயலாது.

தேர்வின் முடிவு இறுதியானதும் அன்று. 1921 இல் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில், போதிய ஈவு பெறவில்லை எனச் சேர்க்கப்படாத சிறுவர்களுள் வில்லியம் சாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் ஆகிய இருவரும் பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். தேனி மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் கற்று, ஆங்கிலத்தை ஏட்டில் மட்டும் காணும் குழந்தைகள் கணிசமாக உள்ளனர். இவர்களுக்கு ஆங்கிலச் சொல்லறிவைச் சோதிக்கும் தேர்வு உண்மையான அளவைக் காட்டாது. படங்களையும் வடிவங்களையும் கொண்டு அமைந்த ராவன் தேர்வு போன்றவை ஓரளவு பொருந்தும்.

கும்பகோணத்து எடுத்துக்காட்டு

பள்ளி ஆதரவு இருப்பதும் இல்லாததும் ஒரே வாழ்வில் எவ்வாறு விளைவைத் தரும் என்பதற்குச் சீனிவாச இராமானுசன் (1887-1920) தமிழ்நாட்டில் நன்கு பதிவான சான்று. 1897 இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம் பெற்ற இவர், அடுத்த ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு ஏறத்தாழ 1,200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் பொருத்திக் கால அட்டவணை அமைக்கும் சிக்கலான பணியில் கணித ஆசிரியருக்கு இம்மாணவர் உதவினார். இதற்கெனத் தனித் திட்டமோ நிதியோ பள்ளியில் இருக்கவில்லை. மாணவனின் திறனுக்குத் தக்க வேலை ஒன்றை ஆசிரியர் ஒருவர் கண்டுகொண்டார், அவ்வளவே. 1904 இல் பள்ளியை விட்டு வெளியேறும்போது கணிதத்துக்கான பரிசையும் பெற்றார்.

அதே ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கியதால் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை நின்றது, கல்வியும் முறிந்தது. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. 1913 இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கும் வரை, எல்லாப் பாடங்களிலும் சமமாகத் தேர வேண்டும் என்ற விதியே தடையாக நின்றது. இன்றைய தொடக்கப் பள்ளியிலும் இதன் சிறு வடிவத்தைக் காணலாம். கையெழுத்து நன்றாக இல்லை என்பதற்காக, கணக்கில் மேலே செல்ல வேண்டிய பிள்ளை நிறுத்தி வைக்கப்படுகிறது.

சட்ட நிலை

2009 ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் மீத்திறன் குழந்தைகளைப் பற்றித் தனிப் பிரிவு இல்லை. 2016 இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மீத்திறனைத் தன் வரம்பில் கொள்ளவில்லை. எனினும் முதற்சட்டத்தின் இரு கூறுகள் பெற்றோருக்குப் பயன்படக்கூடியவை. 24 ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதல் கற்பித்தல் அளிக்க வேண்டும் என்கிறது. 29 ஆம் பிரிவு, உடல், மன ஆற்றல்கள் முழு அளவில் வளர்வதைப் பாடத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகக் குறிக்கிறது. கூடுதல் கற்பித்தல் என்பது நடைமுறையில் பின்தங்கிய பிள்ளைக்கு மட்டும் உரியதாகக் கொள்ளப்படுகிறது. சட்டத்தின் சொற்களில் அத்தகைய வரையறை இல்லை.

2020 இன் தேசியக் கல்விக் கொள்கை தனித்திறன் மாணவர்களுக்கெனச் சில பத்திகளை ஒதுக்கி, பள்ளி அளவிலும் மாவட்ட அளவிலும் பாடவாரி மன்றங்களைப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அக்கொள்கையை ஏற்கவில்லை. மாநிலம் தனக்கெனப் பள்ளிக் கல்விக் கொள்கை ஒன்றை 2025 ஆகத்து மாதம் வெளியிட்டது.

தொடக்கப் பள்ளிகளின் பாடமுறை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் குழந்தை தன் வேகத்தில் முன்னேறக்கூடிய முறை ஒன்று முன்னர் இருந்தது. ஆந்திரத்து ரிசிவேலியின் முறையைத் தழுவி, 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007 அளவில் மாநிலம் முழுவதும் முதல் நான்கு வகுப்புகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல் அது. பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, கற்றல் ஏணியில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு படியை முடித்த குழந்தை பிறருக்காகக் காத்திராமல் அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளலாம். மெல்லக் கற்போரை எண்ணியே இது பெரிதும் பேசப்பட்டாலும், விரைந்து கற்கும் பிள்ளைக்கும் இந்த ஏணி வழிவிட்டது. 2012 இல் வந்த முப்பருவ முறை ஏணியைப் பருவங்களுக்குள் அடைத்தது.

பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2022 இல் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றனர். மலர் என்பது அவ்வகுப்புக்குரிய நிலை. அதற்கு மேல் நிலை இல்லை. ஆகவே சேர்ந்த முதல் மாதத்திலேயே மலர் நிலையில் இருக்கும் குழந்தைக்கு எஞ்சிய ஆண்டு முழுவதும் ஏற வேண்டிய படி எதுவும் வகுக்கப்படவில்லை. 2025 இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வந்த திறன் திட்டமும் அடிப்படைத் திறன் குறைந்தோருக்கானதே. பெரும்பான்மைக் குழந்தைகளின் நலன் கருதிய இத்திட்டங்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் மறுமுனையில் இருப்போர் விடுபட்டுள்ளனர்.

இதற்கு ஒரு விலக்கு 2023 இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம். அதன் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் அமைந்துள்ளன. வகுப்பைக் கொண்டன்றி வாசிப்புத் திறனைக் கொண்டே நிலை அமைவதால், சிறு வயதிலேயே பற நிலை நூலைப் படிக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுப்பதில் இடர் இல்லை.

திறனாய்வுத் தேர்வுகள்

எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வில் வெல்வோர் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் பெறுகின்றனர். தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள் உள்ளன. ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்புக்கு உரியது. தமிழ்நாடு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு 2023 இல் பதினோராம் வகுப்புக்கெனத் தொடங்கப்பட்டது. 2021-22 கல்வியாண்டிலிருந்து தொடங்கப்பெற்று மாவட்டந்தோறும் விரிந்த உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாணவரைச் சேர்க்கின்றன. 1963 இல் தோன்றிய தேசியத் திறனறித் தேர்வு 2021 க்குப் பின் நடத்தப்படவில்லை.

சிறு வயதினருக்கு எஞ்சுவன மிகச் சிலவே. சென்னையில் 1965 இல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் போட்டி ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்தும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு பத்து வயதிலிருந்து வாய்ப்பளிக்கிறது. அரசின் வானவில் மன்றம் ஆறாம் வகுப்பிலிருந்து. இயக்கத்தின் துளிர் இதழையும், பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சல் இதழையும் வயது பாராமல் படிக்கக் கொடுக்கலாம்.

நடுவண் அரசின் நவோதயா பள்ளிகள் ஆறாம் வகுப்பில் தேர்வு வைத்துச் சேர்ப்பவை. மொழிக் கொள்கை காரணமாக அவை தமிழ்நாட்டில் திறக்கப்படவில்லை. 2017 இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றை அனுமதிக்குமாறு ஆணையிட, அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வாணைக்குத் தடை விதித்தது. மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் குளமாவு என்னுமிடத்தில் நவோதயா பள்ளி உள்ளது. ஆயினும் அம்மாவட்டத்தில் வசித்து அங்கேயே பயிலும் குழந்தைகளே அதற்கு விண்ணப்பிக்கலாம். ஒரே குடும்பத்தில் ஏலத் தோட்டக் குடியிருப்பில் பெற்றோருடன் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குள்ள இவ்வாய்ப்பு, கம்பத்தில் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இல்லை.

மாவட்டச் சூழல்

தேனி 1996 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 12,45,899. முல்லைப் பெரியாறு நீரால் வளம் பெற்ற கம்பம் பள்ளத்தாக்கில் நெல், திராட்சை, வாழை, தென்னை ஆகியன விளைகின்றன. உத்தமபாளையம், போடிநாயக்கனூர் வட்டங்களிலிருந்து பலர் விடியுமுன் ஜீப்புகளில் ஏறி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். பள்ளி நேரத்தில் ஆசிரியரைச் சந்திப்பது இப்பெற்றோருக்கு ஒரு நாள் கூலியை இழப்பதாகும். குழந்தையின் திறனை எடுத்துச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோ ஆகின்றனர்.

எவரிடம் கேட்பது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர் பொறுப்பு. மாவட்டத்தில் எட்டு ஒன்றியங்கள் உள்ளன. மதுரை, திண்டுக்கல், தேனி ஆகிய மூன்று மாவட்டங்களில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளோ நெடுங்காலம் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் கீழ்த் தனி நிருவாகமாக இயங்கி வந்தவை. திட்டங்களின் எல்லைகளும் இவ்வாறே. ஊரகத் திறனாய்வுத் தேர்வு மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரைத் தெரிவு செய்கிறது. ஆனால் நகராட்சிப் பகுதிப் பள்ளிகளில் பயில்வோர் அதை எழுத இயலாது. உத்தமபாளையம் பேரூராட்சியில் பயிலும் பிள்ளை எழுதலாம், சின்னமனூர் நகராட்சியில் பயிலும் பிள்ளை எழுத முடியாது. இருவரும் ஒரே பேருந்தில் வருபவராகவும் இருக்கலாம்.

இப்பள்ளத்தாக்கின் மிகப் புகழ்பெற்ற மீத்திறனாளர் பள்ளி வழியாக உருவானவர் அல்லர். பண்ணைப்புரத்தில் 1943 இல் பிறந்த இளையராஜா, தமையன் பாவலர் வரதராசனின் இசைக் குழுவுடன் பதின்ம வயதில் ஊர் ஊராகச் சென்று பயின்றார். முறையான மேற்கத்திய இசைப் பயிற்சி 1968 இல் சென்னை சென்ற பின்னர் தன்ராஜ் மாஸ்டரிடமே கிடைத்தது. வீட்டில் தமையன் இருந்ததால் திறன் வெளிப்பட்டது. அத்தகைய வீடு வாய்க்காதவர் பற்றிப் பதிவு இருக்க வாய்ப்பில்லை.

வகுப்புத் தாண்டல்

ஒரு வகுப்பைத் தாண்டி மேல் வகுப்பில் அமர்த்துதல் முற்காலத்தில் "டபுள் புரமோஷன்" என்ற பெயரில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வழங்கியது. கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பை வலியுறுத்துவதாலும், மாணவர் விவரங்கள் கணினிப் பதிவேட்டில் வகுப்புவாரியாகத் தொடர்வதாலும் இன்று அது எளிதன்று. பிள்ளை மூத்தோரிடையே தனித்துப் போகும் என்ற அச்சமும் பரவலாக உள்ளது. 2004 இல் அமெரிக்காவில் வெளியான விரிவான அறிக்கை ஒன்று, கவனமாகத் தேர்ந்த குழந்தைகளில் இவ்வச்சத்துக்கு ஆய்வுச் சான்று இல்லை எனக் கூறியது. எனினும் உடல் வளர்ச்சி, எழுதும் வேகம், குழந்தையின் சொந்த விருப்பம் ஆகிய மூன்றையும் பாராமல் பெற்றோரின் பெருமைக்காகத் தாண்டச் செய்தல் தீங்காக முடியும்.

ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் அமரச் செய்தல் இதனினும் எளிய வழி. பதிவேட்டில் மாற்றம் தேவையில்லை. இரு வகுப்புகளின் கணக்குப் பாடவேளை ஒன்றாக அமைந்தால் தலைமையாசிரியரே இதனைச் செய்துவிடலாம். தேனி மாவட்டத்தின் சிற்றூர்களில் ஈராசிரியர் பள்ளிகள் பல உள்ளன. ஒரே அறையில் ஒன்று முதல் மூன்று வகுப்புகள் வரை அமர்ந்திருக்கும் இப்பள்ளிகளில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் கேட்டு விடை சொல்வது இயல்பாகவே நிகழ்கிறது. பொதுவாகக் குறையாகக் கருதப்படும் இவ்வமைப்பு, மீத்திறன் குழந்தைக்கு வயதுவாரியாகப் பிரித்து நடத்தும் பெரிய தனியார் பள்ளியை விடப் பொருத்தமாக அமைவதும் உண்டு. கட்டணம் மிகுந்த பள்ளிக்கு மாற்றுமுன் பெற்றோர் இதனைக் கருதுவது நல்லது.

சதுரங்கத்தில் நிலைமை வேறு. உலக வாகையர் குகேசு நான்காம் வகுப்புக்குப் பின் அன்றாடப் பள்ளியிலிருந்து விலகிப் பயிற்சி பெற்றார். அவருக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் சென்னையில் அவர்கள் சேர்ந்திருந்த பள்ளிகள் ஊக்கமளித்தன. அவ்விளையாட்டில் தரப்புள்ளியும் பட்டமும் திறனை ஐயமின்றிக் காட்டுகின்றன. கணக்கிலோ மொழியிலோ முன்னேறிய ஆறு வயதுப் பிள்ளையிடம் காட்டுவதற்கு அத்தகைய எண் இல்லை. எனவே பிள்ளை தானே எழுதியது, வரைந்தது, போட்ட கணக்குகள் ஆகியவற்றை நாளிட்டுத் தொகுத்து வைத்தல் உதவும். ஆசிரியருடனான உரையாடலை ஈவு எண்ணிலிருந்து தொடங்குவதை விட இத்தொகுப்பிலிருந்து தொடங்குதல் பயன் தரும்.

இரட்டைத் தன்மை உடையோர்

மீத்திறனுடன் வாசிப்புக் குறைபாடு, கவனக் குறைவு, புற உலகச் சிந்தனைக் குறைபாடு போன்றவை சேர்ந்திருக்கும் குழந்தைகள் உண்டு. ஒன்று மற்றொன்றை மறைப்பதால் இவர்கள் சராசரிப் பிள்ளைகளாகவே தோற்றமளிப்பர். வட்டார வள மையங்களிலுள்ள சிறப்பாசிரியர்கள் குறைபாட்டுக்கான துணையை அளிக்கக் கடமைப்பட்டவர்கள். அத்துணையைப் பெறும் நேரம், பிள்ளை விரும்பிச் செய்யும் பாடத்தின் நேரமாக இல்லாதிருக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கு வெளியே

2023 சூலை மாதம் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி உள்ளது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இல் நின்ற மதுரை-போடி தொடர்வண்டி, 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 சூன் மாதம் போடிநாயக்கனூர் வரையிலும் மீண்டும் ஓடத் தொடங்கியது. கம்பம், கூடலூர் பகுதியினர் தேனி வரை பேருந்தில் வந்து தொடர்வண்டியைப் பிடிக்க வேண்டும்.